கற்பூரம், கரி, வாழைமட்டை: கடலூர் மாவட்டத் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் பெருமக்களுக்கு,

வணக்கம்.

நான் பள்ளிக்கூட ஆசிரியர் இல்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் 29 வருடம் வெல்டிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். முதுநகரில் வீடு. சாயங்காலம் ஆனால் தெருப் பிள்ளைகள் மூன்று நான்கு பேர் நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வருவார்கள். டியூஷன் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. கணக்கு மட்டும் நான் பார்ப்பேன். இங்கிலீஷ் என்றால் உள்ளே இருக்கும் மனைவியைக் கூப்பிட்டுவிடுவேன்.

அதில் ஒரு பையன் எட்டாம் வகுப்பு. அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். காலாண்டு விடுமுறை முடிந்து தாள் கொடுத்த வாரம், வந்து உட்கார்ந்ததும் அவன் சொன்னான்.

"தாத்தா, நான் இப்ப மெ.க."

எனக்குப் புரியவில்லை. கூட வந்த பெண்பிள்ளை விளக்கினாள். மெ.க. என்றால் மெல்லக் கற்போர். வகுப்பு வாசலில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்களாம், அதில் 17 பெயர். பெயரைச் சுருக்கி வைத்தது பையன்களேதான். கிரிக்கெட் ஆட ஆள் பிரிக்கும்போதுகூட "மெ.க. எல்லாம் அந்தப் பக்கம் போங்கடா" என்கிறார்களாம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவனும் சிரித்தான்.

எந்தப் பள்ளி என்று எழுதப்போவதில்லை. அந்த ஒரு பள்ளியைக் குறை சொல்ல வேண்டும் என்றால் நேரில் போய்ச் சொல்லியிருப்பேன். இதே மாதிரித் தாளை வேறு வேறு பிள்ளைகள் வாயிலாக வேறு வேறு பள்ளிகளிலும் கேள்விப்பட்டுவிட்டேன். அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தச் சொல் எதற்காக வந்தது என்று எனக்குத் தெரியும். நான் படித்த காலத்தில் அதன் இடத்தில் இருந்தது 'மக்கு'. அதற்குப் பிறகு 'களிமண்', 'மரமண்டை' எல்லாம் வந்தன. அவற்றை எடுத்துவிட்டு, அடிக்காத, திட்டாத ஒரு சொல்லை யாரோ நல்ல மனசோடு கொண்டுவந்திருக்கிறார்கள். பட்டியல் போடுவதும் நல்லதற்கே. மாலை வகுப்பு வைக்கவும், எளிய கேள்விகளைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கவும், எப்படியாவது 35 தாண்டவைக்கவும் யார் யார் என்று தெரிய வேண்டுமே. எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் தாள் ஒட்டிய பிறகு இந்தப் பையனிடம் ஒரு மாற்றத்தைப் பார்த்தேன். முன்பெல்லாம் கணக்கைத் தப்பாகப் போடுவான், அழிப்பான், திரும்பத் தப்பாகப் போடுவான், நோட்டு கிழிந்துபோகும். இப்போது கணக்கைப் பார்க்கிறான், பென்சிலைக் கீழே வைக்கிறான். "இது டாப்பருங்க போடறது தாத்தா" என்கிறான். தப்புப் போடுவதைக்கூட நிறுத்திவிட்டான் ஐயா. அதுதான் என்னை எழுத வைத்தது.

நம் வீடுகளில் பிள்ளைகளை மூன்றாகப் பிரிக்கிற பழைய பேச்சு ஒன்று உண்டு. கற்பூர புத்தி, கரிப் புத்தி, வாழைமட்டைப் புத்தி. கற்பூரம் நெருப்பைக் காட்டியதும் பற்றும். கரி ஊத ஊதப் பற்றும். வாழைமட்டை பற்றவே பற்றாது. (வாழைமட்டையைக் காயவைத்தவர்களுக்கு அது எப்படி எரியும் என்று தெரியும். நார் கிழித்துப் பூக்கட்டவும் ஆகும். அதை யாரும் சொல்வதில்லை.) மெல்லக் கற்போர், மீத்திறன் மாணவர் (நன்றாகப் படிக்கிறவர்கள்) என்று நாம் இன்று எழுதுவது இந்த மூன்றின் அலுவலகத் தமிழ்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. புத்தி என்பது பிள்ளையோடு பிறந்த பொருள், எந்தப் பொருள் என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை என்கிற நினைப்பு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்றால், பட்டறையில் பார்த்ததைத்தான் சொல்ல முடியும். வெல்டர் பிரிவு ஒரு வருடப் படிப்பு. எட்டாம் வகுப்புத் தேறியிருந்தால் சேரலாம். என்னிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் பத்தாவதில் கணக்கிலோ அறிவியலிலோ பெயிலானவர்கள். "படிப்பு ஏறல சார், அதான் இங்க சேத்துட்டாங்க" என்று தாங்களே அறிமுகம் செய்துகொள்வார்கள். முதல் வாரம் ராடு, அதாவது பற்றவைக்கிற கம்பி, இரும்புப் பிளேட்டில் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் வராது, ராடைப் பிடிக்கிற ஹோல்டர் சூடாகும், கூட நிற்பவன் சிரிப்பான். நான் மேசைப் பக்கம் போனால் எல்லாரும் ஒரே வேலையைச் செய்வார்கள். பீடு (ராடு உருகிப் படிந்த கோடு) போட்ட பக்கத்தைக் கீழே திருப்பி வைத்துவிடுவார்கள். அசிங்கமாக இருப்பதை வாத்தியார் பார்த்துவிடக் கூடாது. பத்து வருடம் பள்ளிக்கூடத்தில் கற்ற பழக்கம் அது.

அதை உடைக்க எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. கடைசியில் ஒரு வழக்கம் வைத்தேன். ஜாப், அதாவது கொடுத்த வேலை, முடிந்ததும், பீடு மேல் படிகிற கசடான ஸ்லாக்கைத் தட்டி பிரஷ் போட்டுவிட்டு, எல்லாருடைய பிளேட்டும் ஒரே மேசையில் மேல் பக்கம் தெரிய வரிசையாக வைக்கப்படும். பெயர் எழுதக் கூடாது. நான் சாக்பீஸ் எடுத்துத் தப்பான இடத்தில் மட்டும் வட்டம் போடுவேன். இங்கே ஓரம் அரித்திருக்கிறது: கரண்டு அதிகம், இல்லை ஆர்க்கை (ராடு நுனிக்கும் பிளேட்டுக்கும் நடுவில் எரிகிற மின்பொறி) நீளமாகப் பிடித்திருக்கிறாய், இல்லை கை வேகமாக ஓடியிருக்கிறது. இங்கே பொத்தல் பொத்தலாக இருக்கிறது: ராடு ஈரம். கடல் காற்றுக்கு நம் ஊரில் ராடு சீக்கிரம் நமுத்துவிடும், காயவைத்துத்தான் எடுக்க வேண்டும். இங்கே ஸ்லாக் உள்ளே மாட்டியிருக்கிறது: முதல் ரன்னை, அதாவது முதல் அடுக்கை, சுத்தம் செய்யாமல் அடுத்ததைப் போட்டிருக்கிறாய். சில ஜாப்பை வைஸில் மாட்டிச் சுத்தியலால் அடித்து உடைத்தே காட்டுவோம். உடைந்த வாய்க்குள் பார்த்தால் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று எல்லாம் தெரியும். அப்புறம் இன்னொரு பிளேட் கொடுப்பேன். அதே ஜாப், மறுபடி.

இரண்டு மாதத்தில் பையன்கள் தாங்களே சாக்பீஸ் கேட்க ஆரம்பிப்பார்கள். யார் பிளேட் என்று தெரியாததால் சண்டை வராது. "இது ஆர்க் நீளம் சார்" என்று பத்தாவதில் பெயிலானவன் சொல்வான். காரணம் தெரிந்த தப்பு அவனை அசிங்கப்படுத்துவதில்லை. கரண்டு 130 ஆம்பியரில் இருந்தால் 110 க்கு இறக்கு, அவ்வளவுதான்.

எல்லாருடைய கையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. முதல் நாளே நடுங்காத கை சிலருக்கு உண்டு. அப்படி ஒருவன் வந்தான். நேராக, சீராக, மீன் செதில் அடுக்கின மாதிரி பீடு போடுவான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, "இவன் பிறவி வெல்டர் பாருங்க" என்று காட்டினேன். தட்டையாக வைத்துப் போடுகிற வரைக்கும் அவன்தான் ராஜா. பிளேட்டை நிமிர்த்தி வைத்துப் போடுகிற வெர்ட்டிகல் வந்தபோது லீவு போட ஆரம்பித்தான். ஓவர்ஹெட்டுக்கு, தலைக்கு மேல் பிளேட்டைக் கட்டிப் போட வேண்டும், பொறி கழுத்தில் விழும், யாருக்கும் முதல் முறை வராது. அவன் ஹோல்டரைத் தொடவே இல்லை. கண் வலி என்றான், மாமா வீட்டு விசேஷம் என்றான். பக்கத்தில் ராடை ஒட்டவைத்து ஒட்டவைத்துப் பழகின பையன் ஓவர்ஹெட்டும் போட்டு முடித்தான். அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை, கொழுப்பு என்று நினைத்துத் திட்டினேன். அவனுக்கு நான் கொடுத்த பட்டம்தான் அவன் கையைக் கட்டிப்போட்டது என்று ரொம்பப் பிறகுதான் விளங்கியது.

விளங்கவைத்தது என் மகள். அவள் பத்தாவது வரைக்கும் முதல் மார்க். நான் உறவுக்காரர்கள் முன்னால் "என் பொண்ணு கற்பூரம்" என்று சொல்லாத கல்யாணம் கிடையாது. பிளஸ் ஒன் போனாள். முதல் தேர்வுத் தாள் வீட்டுக்கு வரவில்லை. கேட்டால், "இன்னும் தரலப்பா." இரண்டாவதும் அப்படியே. பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் இயற்பியலில் 34, கீழே என் கையெழுத்து. நான் போடாத கையெழுத்து. வீட்டுக்கு வந்து கத்தினேன். அவள் அழுது முடித்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"எல்லார்கிட்டயும் நீங்க சொல்லி வச்சிருக்கீங்கப்பா. நான் எப்படிக் காட்றது?"

இப்போது அவள் வேலைக்குப் போய், குழந்தையும் ஆகிவிட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகு சில ஆய்வுகளை எனக்குத் தமிழில் சொல்லிப் புரியவைத்தவளும் அவளே. குத்திக்காட்டத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன், பரவாயில்லை.

அவற்றில் ஒன்று, அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்து பார்த்து 1998 இல் வெளியிட்டது. படப் புதிர்கள் கொடுத்தார்கள். முதல் சுற்று எல்லாருக்கும் வரக்கூடியது. முடித்ததும் சிலரிடம் 'நீ புத்திசாலி' என்றார்கள், சிலரிடம் 'நல்லா உழைச்சிருக்கே' என்றார்கள். ஒரே ஒரு வாக்கியம்தான் வித்தியாசம். அடுத்து எந்த மாதிரிப் புதிர் வேண்டும் என்று கேட்டபோது, உழைப்பைப் பாராட்டப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர், கஷ்டமானாலும் ஏதாவது கற்றுக்கொள்ளக்கூடியதைக் கேட்டார்கள். புத்திசாலி என்று கேட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, தாங்கள் புத்திசாலி என்று காட்டக்கூடியதைக் கேட்டார்கள். பிறகு வேண்டுமென்றே கடினமான சுற்று ஒன்று, அதில் எல்லாரும் தடுமாறினார்கள். அதற்குப் பின் முதல் சுற்றின் அளவுக்கே எளிதான புதிர்களைக் கொடுத்தால், புத்திசாலிகள் முன்பு போட்டதைவிடக் குறைவாகப் போட்டார்கள். உழைப்பாளிகள் கூடுதலாகப் போட்டார்கள். என் மகள் அழுத்திச் சொன்னது வேறு இடம். வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு உன் மதிப்பெண்ணை எழுதி அனுப்பு என்றபோது, புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்களில் பத்துக்கு நாலு பேர் கூட்டி எழுதினார்கள். மற்ற அணியில் பத்துக்கு ஒருவர், அதற்குக் கொஞ்சம் மேல்.

34 மார்க்கும் கள்ளக் கையெழுத்தும் அதில் இருக்கிறதல்லவா? அதைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆக, கெட்ட பட்டம் மட்டும்தான் கெடுக்கும் என்றில்லை, நல்ல பட்டமும் கெடுக்கிறது. உங்கள் மீத்திறன் பட்டியலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாத்தியார் மனதில் இருக்கும் பட்டியலுக்கும் பலம் உண்டு. 1968 இல் ரோசென்தால், ஜேக்கப்சன் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு இது. சான் பிரான்சிஸ்கோ பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில், ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகளைக் குலுக்கல் போல எடுத்து, 'இவர்கள் இந்த வருடம் பூக்கப்போகிறவர்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். சொன்னதில் உண்மை எதுவும் இல்லை. ஆனாலும் வருடக் கடைசியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட மேலே போயிருந்தார்கள். பெரிய வகுப்புகளில் அவ்வளவு தெரியவில்லை. ஆய்வைப் பிற்பாடு பலர் கேள்வி கேட்டார்கள், விளைவு அவ்வளவு பெரிது இல்லை என்றார்கள். இருக்கட்டும்.

நம் நாட்டில் நடந்ததுதான் எனக்கு உறைத்தது. கார்லா ஹோஃப், பிரியங்கா பாண்டே என்ற பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்கள் 600 பேருக்கு மேல் கூட்டி, காகிதத்தில் சிக்கல் பாதையில் வழி கண்டுபிடிக்கிற புதிர் கொடுத்தார்கள். 2006 இல் வெளியான ஆய்வு. யார் என்ன சாதி என்று சொல்லாமல் ஆடவிட்டபோது உயர்சாதிப் பையன்களும் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் ஏறக்குறைய சமமாகப் போட்டார்கள். பெயரோடு சாதியையும் எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டு ஆடச்சொன்னபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் பின்தங்கிவிட்டார்கள். கை அதே கை, புதிரும் அதே புதிர். வாசித்தது மட்டும் புதிது.

வகுப்பு வாசலில் ஒட்டுகிற 17 பெயரை ஒரு தடவை சும்மா பாருங்கள். எந்தத் தெரு, எந்தக் காலனி, எந்தக் குப்பம் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரியும். இதற்கு மேல் நான் எழுத வேண்டியதில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏமாற்றுகிற மாதிரி ஆகிவிடும். இதையெல்லாம் கேட்டுவிட்டு, சுவரில் 'உன்னால் முடியும்' என்று பெயின்ட் அடித்தால் போதும், 'முயற்சி செய், முயற்சி செய்' என்று தினமும் பிரேயரில் சொன்னால் போதும் என்று கிளம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 12,000 பேரிடம், புத்தி வளரக்கூடியது என்று ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பாடமாகக் கணினியில் சொல்லிப் பார்த்தார்கள். 2019 இல் முடிவு வந்தது. பின்தங்கிய பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது, 4 புள்ளிக்கு மதிப்பெண் போடுகிற அவர்கள் முறையில் 0.1. அவ்வளவுதான். அதுவும் கஷ்டமான கணக்கைத் தொடுவது கேவலம் இல்லை என்று கூட்டாளிகளே நினைக்கிற பள்ளிகளில்தான் நன்றாகப் பிடித்தது. ராடு ஒட்டிக்கொள்கிற பையனிடம் 'உன்னால் முடியும்டா' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ராடு விடாது. கரண்டை ஏற்றவேண்டும் என்று யாராவது சொல்ல வேண்டும். உழைப்பைப் புகழ்வதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. வழி தெரியாதவனிடம் 'நல்லா உழைச்சே' என்றால், 'உழைத்தும் வரவில்லையே, அப்ப நான் மக்குதான்' என்று அவன் முடிவுகட்டிவிடுவான்.

அந்தப் பையனுக்கு வருகிறேன். அவன் அம்மா ஒரு நாள் மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: "வாத்தியாரே, வீட்ல பங்கு பிரிச்ச காசக் கணக்குப் பாக்கறது இவன்தான். ஸ்கூல்ல எப்படிப் பெயிலாவறான்?" டீசல், ஐஸ் செலவு போக மீதியில் படகுக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிக்கிற காசு. அதில் வாயாலேயே கணக்குச் சொல்கிறவன் அவன். நான் உடனே பூரித்துப்போய்விடவில்லை. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டவர்கள் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வியாபாரம் பார்க்கிற பிள்ளைகளிடம் பார்த்ததும் இதுவே. அந்த ஆய்வு 2025 இல் வந்தது. கடையில் மின்னலாகக் கணக்குப் போடுகிறவர்கள் அதையே தாளில் எழுதிக் கொடுத்தால் நின்றுவிடுகிறார்கள். பள்ளியில் மட்டும் படிக்கிற பிள்ளைகள் கடைக் கணக்கில் நின்றுவிடுகிறார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அது தானாகத் தாண்டாது, யாராவது பலகை போட வேண்டும்.

அவன் காலாண்டுத் தாளை வாங்கிப் பார்த்தேன். மேலே 22 என்று சிவப்பில் எழுதி வட்டம் போட்டிருந்தது. மார்க் போன இடங்களைப் பட்டறைக் கண்ணோடு பார்த்தேன். ஏழு கணக்கு போயிருந்தது. ஏழிலும் தப்பு ஒன்றே. பின்னத்தைக் கூட்டும்போது மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியிருக்கிறான். இரண்டில் ஒன்றும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு.

"டேய், ஒருத்தருக்குப் பாதிப் பங்கு வந்துச்சு. அதுக்கு மேல மூணுல ஒரு பங்கும் வந்துச்சு. அவர்கிட்ட இப்ப பாதிக்கு மேல இருக்குமா, கம்மியா இருக்குமா?"

"மேலதான் தாத்தா."

"நீ அஞ்சுல ரெண்டுன்னு எழுதியிருக்கியே. அது பாதிக்கு மேலயா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. விரல்களைப் பார்த்தான். அப்புறம் தாளைப் பிடுங்கிக்கொண்டான். "கம்மி. அய்ய, எல்லாத்துலயும் இதே மாதிரி எழுதி வச்சிருக்கேன்!" அன்றைக்கு முழுக்க உட்கார்ந்து ஏழையும் திரும்பப் போட்டான். நாலு சரி, மூன்று தப்பு, வேறு தப்பு. எனக்கு அது நல்ல செய்தி.

நான் கேட்பது இதுதான். வாசலில் தாள் ஒட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதில் பெயர் இருக்க வேண்டாம். தப்பு இருக்கட்டும். 'இந்த வாரம் எட்டாம் வகுப்பில் பார்க்க வேண்டியது: கீழ் எண் வேறுவேறாக இருக்கிற பின்னக் கூட்டல்' என்று எழுதுங்கள். மாலை வகுப்புக்கு அந்தத் தப்பு உள்ளவர்கள் யாரானாலும் வரட்டும். 80 வாங்கின பிள்ளையும் அதில் இருக்கும், தாளைப் பார்த்தால் தெரியும். அடுத்த வாரம் தப்பு மாறும், வருகிறவர்களும் மாறுவார்கள். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது இழந்த மார்க்கில் கொஞ்சத்தையாவது திரும்பப் போட்டு மீட்க வழிவிடுங்கள். பட்டறையில் இரண்டாவது பிளேட் இல்லாமல் ஒருவனும் வெல்டர் ஆனதில்லை. வேலைப் பளு எனக்குத் தெரியாமல் இல்லை. எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, கூட்டம், பயிற்சி என்று உங்கள் ஆசிரியர்கள் அலைகிறதைப் பார்க்கிறேன். ஆனால் பட்டியல் தயாரிக்க ஆகிற நேரம்தான் இதற்கும் ஆகும்.

நம் அரசே ஒரு நல்ல முன்மாதிரி வைத்திருக்கிறது. 2022 இல் சின்ன வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தபோது, நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்தார்கள். யார் வைத்தார்களோ, கையெடுத்துக் கும்பிட வேண்டும். அரும்பு என்று சொன்னாலே அது அப்படியே இருந்துவிடாது என்று பிள்ளைக்குத் தெரியும். அதே பிள்ளை நடுநிலைப் பள்ளிக்கு வந்ததும் ஏன் மெல்லக் கற்போர் ஆகிவிடுகிறது? 2017 இல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை நிறுத்தினார்கள். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. மேலே உள்ள பெயர்களை அறிவிக்காமல் இருக்க முடிந்தது என்றால், கீழே உள்ள பெயர்களை ஒட்டாமல் இருப்பது அவ்வளவு கஷ்டமா?

சாக்பீஸ் வட்டம் போட்ட பழைய பிளேட்டுகள் நாலைந்து இன்னும் என் வீட்டுக் கொல்லையில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. உங்களில் யாராவது வந்து பார்க்க விரும்பினால், அல்லது ஆசிரியர்களை அனுப்பினால், எடுத்துத் துடைத்து வைக்கிறேன். அரையாண்டுத் தாள் திருத்தி முடித்ததும் மறுபடி பட்டியல் கேட்பார்கள். அதற்கு முன்னால் உங்கள் கைக்கு இது வந்துவிட வேண்டும் என்றுதான் தீபாவளி வேலைக்கு நடுவில் உட்கார்ந்து எழுதினேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வெல்டிங் பயிற்றுநர்,
கடலூர் முதுநகர்.